மிஸ்டேக், எரர், ஃபால்ட், பிளண்டர்: எல்லாமே தப்புன்னா எதை எங்க போடறது?

கேள்வி கேட்டவங்க சொன்ன விஷயம் சுருக்கமா இதுதான். ஆபீஸ் மெயில்ல தெரியாம வேற ஃபைலை அட்டாச் பண்ணி அனுப்பிட்டாங்க, அதுக்கு மன்னிப்பு கேட்டு "ஐ டிட் அ மிஸ்டேக், சாரி ஃபார் மை ஃபால்ட்"னு எழுதியிருக்காங்க, மேலதிகாரி அதுல ரெண்டு இடத்துல கோடு போட்டு திருப்பி அனுப்பிட்டார், ஏன்னு மட்டும் சொல்லல. டிக்‌ஷனரில பாத்தா மிஸ்டேக், எரர், ஃபால்ட், பிளண்டர் எல்லாத்துக்கும் தவறு, பிழை, தப்புன்னு மாத்தி மாத்தி போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு இத்தனை வார்த்தை, எப்ப எதை போடறதுன்னு கேட்டிருக்காங்க.

மத்தவங்க எழுதின இங்கிலீஷை திருத்திக் குடுக்கறதுதான் பல வருஷமா என் வேலை, அதனால இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. நல்லா படிச்சவங்க, நல்லா பேசறவங்க கூட இதே இடத்துலதான் சறுக்கறாங்க, அதுக்கு காரணம் இங்கிலீஷ் தெரியாதது இல்ல, நம்ம தமிழ்ல தப்புங்கற ஒரே வார்த்தை மூணு வேலை பாக்குது, அதை நாம கவனிச்சதே இல்ல.

பாருங்க. "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்"னு சொல்றோம். "தப்பு என் மேலதான்"னு சொல்றோம். "பொய் சொல்றது தப்பு"ன்னும் சொல்றோம். மூணுலயும் தப்புதான், ஆனா மூணும் ஒண்ணு இல்ல. முதல்ல வர்ற தப்பு நடந்த ஒரு காரியம், அது மிஸ்டேக். ரெண்டாவது, அந்த காரியத்துக்கு யார் பொறுப்புங்கறது, அது ஃபால்ட். மூணாவது நியாயம் அநியாயம் சம்பந்தப்பட்டது, அது ராங். இதை மனசுல வாங்கிட்டீங்கன்னா பாதி குழப்பம் தீந்துடும். தமிழ்ல வாக்கியத்தை மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க, "பண்ணின"ன்னு வந்தா மிஸ்டேக், "மேல"ன்னு வந்தா ஃபால்ட். நான் சொல்லிக் குடுக்கறப்ப எல்லாருக்கும் சட்டுன்னு பிடிபடறது இந்த ஒரு சோதனைதான்.

இன்னும் கிட்ட வந்து பாக்கலாம். உங்களுக்கு கீழ வேலை செய்யற பையன் ரிப்போர்ட்ல ஒரு நம்பரை மாத்திப் போட்டுட்டான், நீங்க சரி பாக்காம அப்படியே மேல அனுப்பிட்டீங்கன்னு வைங்க. அப்ப இங்கிலீஷ்ல "தி மிஸ்டேக் வாஸ் ஹிஸ், பட் இட் வாஸ் மை ஃபால்ட் ஃபார் நாட் செக்கிங்"னு சொல்லலாம். தமிழ்ல இதையே "தப்பு பண்ணினது அவன், ஆனா தப்பு என் மேலதான்"னு சொல்வோம். ரெண்டு இடத்துலயும் தமிழ்ல ஒரே சொல், இங்கிலீஷ்ல வேற வேற சொல். அதனாலதான் "சாரி ஃபார் மை ஃபால்ட்"ங்கறது காதுக்கு ஒட்டல, ஏன்னா ஃபால்ட்னா பழி, பொறுப்பு, அதுக்கு யாரும் சாரி கேக்கறதில்ல, நடந்த மிஸ்டேக்குக்குத்தான் சாரி. "இட் வாஸ் மை ஃபால்ட்"னு தனியா சொன்னா அது ரொம்ப சரியான, நேர்மையான வாக்கியம். "ஐ ஆம் அட் ஃபால்ட்"னும் சொல்லலாம், அது கொஞ்சம் விறைப்பு.

அடுத்தது "டிட் அ மிஸ்டேக்". தமிழ்ல எல்லாத்துக்கும் பண்ணு போட்டுடலாம், வேலை பண்ணு, சத்தம் பண்ணு, தப்பு பண்ணு. இங்கிலீஷ்ல அந்த இடத்தை டூவும் மேக்கும் பங்கு போட்டுக்குது. ஏற்கனவே இருக்கற ஒரு வேலைய முடிக்கறதுக்கு பெரும்பாலும் டூ வரும், டூ தி ஹோம்வொர்க், டூ தி டிஷஸ். அதுவரைக்கும் இல்லாத ஒண்ண உண்டாக்கறதுக்கு மேக் வரும், மேக் அ நாய்ஸ், மேக் அ மெஸ், மேக் அ மிஸ்டேக். இது எல்லா இடத்துக்கும் பொருந்தற சட்டம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா மிஸ்டேக்குக்கு மட்டும் மேக் தவிர வேற எதுவும் வராதுன்னு கண்ண மூடிட்டு எழுதிக்கலாம். எரருக்கும் மேக்தான், கொஞ்சம் கனமா எழுதணும்னா கமிட். ஃபால்ட்டுக்கு அன்றாட பேச்சுல டூவும் கிடையாது மேக்கும் கிடையாது.

மிஸ்டேக்கை வினைச்சொல்லா போடறதுல ஒரு பொறி இருக்கு. "ஐ மிஸ்டுக்"னு மட்டும் சொன்னா நான் தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம் வராது. அந்த வார்த்தை பழைய நார்ஸ் மொழில மிஸ்டாகாங்கற சொல்லுல இருந்து வந்தது, பிச்சுப் பாத்தா தப்பா எடுத்துக்கறதுன்னு அர்த்தம், நாம "தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு சொல்றோமே அப்படியே அதேதான்! அதனால வினையா வந்தா ஒண்ண இன்னொண்ணா எடுத்துக்கிட்டேன்னு இருக்கணும், "ஐ மிஸ்டுக் ஹிம் ஃபார் ஹிஸ் பிரதர்"னா அவர அவரோட அண்ணன்னு நினைச்சுட்டேன். இதே வேர்ல இருந்து வர்ற மிஸ்டேக்கன் ரொம்ப நல்ல சொல், நம்ம ஆளுங்க அதை யூஸே பண்றதில்ல. மீட்டிங்ல ஒருத்தர்கிட்ட "யூ ஆர் ராங்"னு சொன்னா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும், "ஐ திங்க் யூ ஆர் மிஸ்டேக்கன்"னு சொன்னா நீங்க வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டீங்க போலன்னு ஆயிடும், சொல்ற விஷயம் அதேதான்.

இப்ப மிஸ்டேக்குக்கும் எரருக்கும் உள்ள வித்தியாசம். எரர் லத்தீன் வார்த்தை, எர்ராரேன்னா அலையறது, பாதை விட்டு விலகிப் போறது. விலகணும்னா முதல்ல ஒரு பாதை இருக்கணும் இல்லையா, அதனால அளவுகோல், விதி, சரியான மதிப்புன்னு ஏதாவது ஒண்ணு இருந்து அதுல இருந்து விலகற இடத்துல எரர் பொருந்தும். கம்ப்யூட்டர் எரர்னுதான் காட்டும், மிஸ்டேக்னு காட்டாது. புள்ளியியல்ல ஸ்டாண்டர்ட் எரர், மார்ஜின் ஆஃப் எரர்லாம் வரும், அதுல யாரும் எந்த தப்பும் பண்ணல, அளக்கறதுலயே இருக்கற விலகல் அது, அங்க போய் மிஸ்டேக்னு எழுதினா அர்த்தமே மாறிடும். தமிழ்லயும் இதுக்கு பக்கத்துல ஒரு சொல் இருக்கு, வழு. வழுவறதுன்னா நிலை விட்டு விலகறது, சறுக்கறது. நம்ம இலக்கணத்துல வழு, வழாநிலை, வழுவமைதின்னு பிரிச்சு, விதி மீறினாலும் ஏத்துக்கற இடத்துக்குக்கூட தனிப் பேர் வெச்சிருக்காங்க. எரர்னு படிக்கறப்பல்லாம் எனக்கு அந்த வழுதான் ஞாபகம் வரும்.

சில ஜோடிகளை மாத்தவே முடியாது, அப்படியே மனப்பாடம் பண்ணிக்க வேண்டியதுதான். பை மிஸ்டேக்னு சொல்லணும், பை எரர் இல்ல. இன் எரர்னு எழுதலாம், அது பேங்க் லெட்டர், அரசாங்கக் கடிதம் மாதிரி இடத்துல வரும். டிரையல் அண்ட் எரர், ஹியூமன் எரர், எரர் ஆஃப் ஜட்ஜ்மெண்ட், இதெல்லாம் எரர்தான். இங்கிலீஷ் கவிஞர் அலெக்சாண்டர் போப் 1711ல எழுதின "டு எர் இஸ் ஹியூமன்"ங்கற வரியால எர்ங்கற வினைச்சொல் இன்னும் உசுரோட இருக்கு, பேச்சுல அதை வேற எங்கயும் பெருசா கேக்க முடியாது.

மொழி கத்துக்கறவங்களுக்கு இதுல இன்னொரு விஷயம் ரொம்ப உபயோகப்படும். பிட் கார்டர்னு ஒரு மொழியியல் அறிஞர், 1967ல ஒரு கட்டுரைல எரரையும் மிஸ்டேக்கையும் பிரிச்சார். விதி தெரிஞ்சிருந்தும் களைப்புல, அவசரத்துல வாய் தவறி வர்றது மிஸ்டேக், சொல்லி முடிச்ச உடனே நாமளே திருத்திக்குவோம். விதியே மனசுல வேற மாதிரி பதிஞ்சு போய், ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி வர்றது எரர், அதை நம்மால தானா பாக்க முடியாது, யாராவது காட்டணும். அந்தக் கணக்குப்படி பாத்தா "டிட் அ மிஸ்டேக்"னு எப்பவுமே எழுதறது எரர், ஒரு நாள் மட்டும் கை தவறி எழுதினா அது மிஸ்டேக். கார்டர் அதை மட்டமா சொல்லல, கத்துக்கறவன் மனசுல மொழி எப்படி உருவாகுதுன்னு எரர்தான் காட்டிக் குடுக்குதுன்னு சொன்னார். திருத்தற வேலைல இருக்கறவங்க அத்தனை பேரும் இதை தெரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கறேன், வெறும் கோடு மட்டும் போட்டு திருப்பி அனுப்பினா எரர் எரராவேதான் இருக்கும்.

சரி, அந்த மெயிலுக்கே திரும்ப வருவோம், ஏன்னா அந்த ஒரு சம்பவத்தை வெச்சே நாலு வார்த்தை சொல்லிடலாம். ஜேம்ஸ் ரீசன்ங்கற உளவியலாளர் 1990ல மனுஷத் தவறுகளைப் பத்தி எழுதினப்ப அதை வகை பிரிச்சார், விமானப் பாதுகாப்புலயும் ஆஸ்பத்திரி பாதுகாப்புலயும் இன்னிக்கும் அந்தப் பேர்களைத்தான் புழங்கறாங்க. எந்த ஃபைல்னு உங்களுக்கு சரியா தெரியும், ஆனா பக்கத்துல இருந்த ஃபைல்ல கிளிக் விழுந்துடுச்சு, அது ஸ்லிப். ஃபைல் வைக்கணும்னு நினைச்சீங்க, மெயில் எழுதற மும்முரத்துல வைக்கவே மறந்துட்டீங்க, அது லாப்ஸ். போன மாச ஃபைல்தான் சரியானதுன்னு நம்பி, பாத்து, அதையே வெச்சீங்க, அது மிஸ்டேக் (கார்டர் சொன்ன மிஸ்டேக் வேற, ரீசன் கணக்குல மிஸ்டேக் வேற). அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட காட்டணும்னு விதி இருந்தும் நேரமில்லன்னு விட்டுட்டீங்க, அது வயலேஷன். வெளில இருந்து பாக்கறவனுக்கு நாலும் ஒண்ணுதான், மெயில்ல சரியான ஃபைல் இல்ல. ஆனா தப்பு உக்காந்திருந்த இடம் வேற, கைல, ஞாபகத்துல, எண்ணத்துல, மனசறிஞ்சு எடுத்த முடிவுல. இங்கிலீஷ்ல இவ்வளவு வார்த்தை இருக்கறதுக்கு முக்கியமான காரணமே இதுதான்னு நான் நம்பறேன், தப்பு சின்னதா பெருசாங்கறதை விட அது எங்க நடந்துச்சு, யார் பொறுப்புங்கறதைத்தான் அந்த வார்த்தைகள் அதிகமா சொல்லுது.

ஸ்லிப்புக்கு நம்ம தமிழ் அப்படியே பொருந்தும். ஸ்லிப் ஆஃப் தி டங்னா வாய் தவறி வந்தது, ஸ்லிப் ஆஃப் தி பென்னா கை தவறி எழுதினது. மனசுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தது வாய் தவறி வெளில வந்துட்டா ஃப்ராய்டியன் ஸ்லிப், மனநல மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட் 1901ல இந்த மாதிரி வாய் தவறல், மறதி எல்லாத்தையும் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். லாப்ஸ் தனியா வர்றத விட துணையோட வர்றதுதான் அதிகம், லாப்ஸ் ஆஃப் மெமரி, லாப்ஸ் இன் ஜட்ஜ்மெண்ட், செக்யூரிட்டி லாப்ஸ்.

ஓவர்சைட்னு ஒண்ணு இருக்கு, இதுல மட்டும் ஜாக்கிரதையா இருக்கணும். கண்ணுல படாம விட்டுப் போச்சுன்னு ஒரு அர்த்தம், மேற்பார்வைன்னு இன்னொரு அர்த்தம், ரெண்டும் நேர் எதிர். "இட் வாஸ் அன் ஓவர்சைட் ஆன் மை பார்ட்"னா என் கவனத்துக்கு வராம போயிடுச்சு. "ஓவர்சைட் கமிட்டி"னா கண்காணிக்கற குழு. முன்னாடி அன் போட்டு ஒரு சம்பவமா சொன்னா பெரும்பாலும் விட்டுப்போனது, சும்மா ஓவர்சைட்னு வந்தா பெரும்பாலும் கண்காணிப்பு. மெயில்ல ஒரு பேரை சேக்க விட்டுட்டீங்க, ஒரு தேதிய போட மறந்துட்டீங்கன்னா இதை விட மரியாதையான சொல் கிடையாது. ஆனா நீங்க யோசிச்சு எடுத்த முடிவே தப்பா போயிருந்தா ஓவர்சைட்னு எழுதாதீங்க, அது உண்மை இல்ல, படிக்கறவங்களுக்கு அது தெரிஞ்சுடும்.

பிளண்டர். இதைப் பத்தி கொஞ்சம் ஆதங்கத்தோடயே சொல்றேன், நம்மாளுங்க "பிளண்டர் மிஸ்டேக்"னு சொல்றத தயவுசெஞ்சு விடணும். பிளண்டர்னாலே மோசமான மிஸ்டேக்தான், ரெண்டையும் சேத்தா நடுசென்டர்னு சொல்ற மாதிரி. அந்த வார்த்தை முதல்ல கண்ணு தெரியாத மாதிரி தட்டுத்தடுமாறிப் போறதைக் குறிச்சது, ஸ்கேண்டிநேவிய மொழிகள்ல கண்ண மூடறதைக் குறிக்கற சொல்லோட சேந்ததுன்னு சொல்வாங்க. செஸ் ஆடறவங்களுக்கு இதோட எடை நல்லா தெரியும், ஆட்டத்தை எழுதறப்ப மோசமான நகர்த்தலுக்கு ஒரு கேள்விக்குறி, அது மிஸ்டேக். ராணியை சும்மா தூக்கிக் குடுக்கற மாதிரி ஆட்டத்தையே கவுக்கற நகர்த்தலுக்கு ரெண்டு கேள்விக்குறி, அதுதான் பிளண்டர். ஒரு ஃபைல் மாறிப் போனதுக்கெல்லாம் பிளண்டர் போட்டா விஷயம் தேவையில்லாம பெருசாயிடும்.

நாலு பேர் முன்னாடி நடக்கற தப்புக்கு தனி வார்த்தை ரெண்டு, காஃப் (gaffe), ஃபோ பா (faux pas). ரெண்டும் பிரெஞ்சுல இருந்து வந்தது. ஃபோ பான்னா தப்பான அடி, கால் தவறி வெச்சது, கடைசில எஸ் எழுத்து இருந்தும் உச்சரிப்புல வராது. விசேஷத்துல, விருந்துல, பழக்கவழக்கம் தெரியாம ஏதாவது செஞ்சுட்டா ஃபோ பா. தலைவர்கள் மைக் முன்னாடி பேசக்கூடாததை பேசிட்டா பத்திரிகைகள் காஃப்னு எழுதும். யாரும் பாக்காத இடத்துல காஃப் நடக்கவே முடியாது, கணக்குல கூட்டல் தப்பானா அது காஃப் இல்ல.

அச்சுல வர்றதுக்கு டைப்போ, மிஸ்பிரிண்ட். புத்தகம் வந்தப்புறம் பிழைதிருத்தப் பட்டியல் போட்டா எராட்டா, ஒரே ஒரு பிழைன்னா எராட்டம். டைப்போன்னு சொன்னா சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா 1631ல லண்டன்ல அச்சடிச்ச பைபிள் ஒண்ணுல பத்துக் கட்டளைல விபச்சாரம் செய்யாதேங்கற இடத்துல நாட்ங்கற ஒரு வார்த்தை விட்டுப் போய், செய்வாயாகன்னு ஆயிடுச்சு, அச்சடிச்சவங்களுக்கு 300 பவுண்டு அபராதம் போட்டாங்க.

இனி பொருளுக்கு வர்ற வார்த்தைகள். மெஷின் ஓடலன்னா ஃபால்ட், இங்க ஃபால்ட்னா கோளாறு, பழி இல்ல. தயாரிப்புலயே குறை இருந்தா டிஃபெக்ட். திட்டத்துலயோ வாதத்துலயோ அடிப்படைலயே ஓட்டை இருந்தா ஃப்ளா. மனுஷனோட குணத்துல இருக்கற குறைக்கும் ஃபால்ட் வரும், ஃபைண்ட் ஃபால்ட்னா நம்ம "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை"ல வர்ற அதே குற்றம் பாக்கறதுதான். டென்னிஸ்ல சர்வ் கட்டத்துக்கு வெளில விழுந்தா அதுவும் ஃபால்ட்.

சாஃப்ட்வேர்ல பக். இதுக்கு பின்னாடி ஒரு கதை சுத்திட்டு இருக்கு, அதுல பாதிதான் சரி. 1947 செப்டம்பர் 9ல ஹார்வர்ட் மார்க் 2 கம்ப்யூட்டர்ல ஒரு ரிலேக்குள்ள, அதாவது மின்சாரத்துல இயங்கற சுவிட்சுக்குள்ள, அந்துப்பூச்சி மாட்டியிருந்துச்சு, அதை எடுத்து பதிவேட்டுல டேப் போட்டு ஒட்டி, பக் உண்மையாவே கிடைச்ச முதல் சம்பவம்னு பக்கத்துல எழுதி வெச்சாங்க. அந்தக் கம்ப்யூட்டர்ல வேலை பாத்த கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதைய நிறைய இடத்துல சொல்லி பிரபலமாக்கினாங்க. ஆனா அந்தக் குறிப்பையே உத்துப் பாருங்க, உண்மையாவேன்னு எழுதறாங்கன்னா அதுக்கு முன்னாடியே பக்னா கோளாறுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எடிசன் 1878லயே ஒரு கடிதத்துல அந்த அர்த்தத்துல எழுதியிருக்கார். கிளிட்ச்னா வந்து போற கோளாறு, ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும். விண்வெளி வீரர் ஜான் க்ளென் 1962ல எழுதினதுக்கப்புறம் அந்த வார்த்தை பரவிச்சு.

விண்வெளின்னு சொன்னதும் 1999 ஞாபகம் வருது. நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்ங்கற விண்கலம் செவ்வாய்க்குப் பக்கத்துல போய் தொலைஞ்சு போச்சு, ஒரு தரப்போட சாஃப்ட்வேர் பவுண்டுங்கற பழைய இங்கிலீஷ் அளவுல விசைய குடுத்துச்சு, இன்னொரு தரப்பு அதை நியூட்டன்ங்கற மெட்ரிக் அளவுன்னு எடுத்துக்கிச்சு. அப்ப நாசா அதிகாரி சொன்ன விளக்கத்துல ரெண்டு வார்த்தைய கவனமா பிரிச்சிருந்தார், பிரச்சனை எரர் இல்ல, அந்த எரரை கண்டுபிடிக்க வேண்டிய எங்க ஏற்பாடுகளோட ஃபெய்லியர்னு. எரர் யாருக்கும் வரும், அதை பிடிக்காம விட்டது ஃபெய்லியர்.

பேச்சு வழக்குக்கு மெஸ் அப், ஸ்லிப் அப், கூஃப் அப், எல்லாம் நம்ம சொதப்பிட்டேன்தான். ஸ்க்ரூ அப் கொஞ்சம் கொச்சை, மேலதிகாரிக்கு எழுதாதீங்க. பாட்ச் (botch)னா வேலைய கெடுத்து வெக்கறது, ரிப்பேர் பண்றேன்னு இன்னும் கெடுத்தா பாட்ச்ட். மை பேட் நண்பர்களுக்குள்ள மட்டும்.

இதை விட முக்கியமா ஒண்ணு சொல்லணும், யார் பண்ணினாங்கன்னே சொல்லாம தப்பை ஒத்துக்கற வாக்கியம். "மிஸ்டேக்ஸ் வேர் மேட்." அமெரிக்க ஜனாதிபதி ரீகன் 1987 ஜனவரில நாடாளுமன்றத்துல பேசறப்ப ஈரானுக்கு ரகசியமா ஆயுதம் வித்த விவகாரத்துக்கு இப்படித்தான் சொன்னார், சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்னு. தமிழ்ல "தவறு நடந்துடுச்சு"ன்னு சொல்றதும் இதேதான், நடந்துச்சு, ஆனா நடத்தின ஆள் வாக்கியத்துல இல்ல. இலக்கணப்படி துளி பிழை கிடையாது, ஆனா மன்னிப்பு கேக்கற இடத்துல இதை எழுதினா படிக்கறவங்க மனசுல ஒட்டாது. "அன் எரர் ஹாஸ் ஆக்கர்ட்" கூட இந்த வகைதான், மெஷினுக்கு சரி, மனுஷனுக்கு வேண்டாம். ஐன்னு ஆரம்பிங்க.

அதனால உங்க மெயிலை நான் இப்படி எழுதுவேன்: "ஐ அட்டாச்ட் தி ராங் ஃபைல் டு மை இயர்லியர் மெயில். ஐ ஆம் சாரி ஃபார் தி மிஸ்டேக். தி கரெக்ட் ஃபைல் இஸ் அட்டாச்ட் ஹியர்." மறந்தே போயிருந்தா முதல் வாக்கியத்தை மட்டும் "ஐ ஃபர்காட் டு அட்டாச் தி ஃபைல்"னு மாத்திக்கங்க. ஃபால்ட்ங்கற வார்த்தையே இதுல தேவைப்படல, ஐன்னு ஆரம்பிச்சப்பவே பொறுப்பு யாரோடதுன்னு தெரிஞ்சு போச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி இந்தத் தடவை அட்டாச்மெண்ட்டை ஒரு தரம் திறந்து பாத்துடுங்க.